குளிர் நாட்டில் ஆமை ஏன் வளை தோண்டக் கூடாது?

இங்கிலாந்தின் தென்பகுதியில் வசிக்கும் வாசகர் ஒருவர், பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் அண்டா அளவுக்கு ஓர் ஆமை புல் மேய்வதையும், அக்டோபர் பிறந்ததும் அந்த வீட்டுக்காரர் அதற்கென மரத்தால் ஓர் அறை கட்டத் தொடங்கியதையும் எழுதி, "மண்ணுக்குள் வளை தோண்டிக் குளிர்காலத்தைக் கழிப்பதுதானே ஆமையின் இயல்பு, அதற்கு எதற்கு ஹீட்டர் வைத்த அறை?" என்று கேட்டிருக்கிறார். வளை தோண்டுவது அந்த ஆமையின் இயல்பு என்பது சரிதான். ஆனால் அந்த இயல்புதான் இங்கிலாந்தில் அதன் உயிருக்கு உலை வைக்கிறது.

அவர் வர்ணித்திருப்பதைப் பார்த்தால் அது சல்கேட்டா ஆமையாக இருக்க வேண்டும். சஹாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில், செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் சாஹேல் வறண்ட நிலமே இதன் தாயகம். கலாபகோஸ், அல்டாப்ரா தீவுகளின் ராட்சத ஆமைகளுக்கு அடுத்தபடியாக, உலகின் மூன்றாவது பெரிய நில ஆமை இதுதான். முட்டையிலிருந்து வரும்போது உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு, வளர்ந்தபின் 50 கிலோவையும் தாண்டக்கூடும். மத்தியதரைக் கடலோரத்துச் சிறிய ஆமைகள் குளிர்காலம் முழுவதும் உண்ணாமல் உறங்கிக் கழிக்கும். சல்கேட்டாவின் உடலுக்கு அந்த உறக்கம் தெரியாது. ஆண்டு முழுவதும் தின்று, செரித்து, நடமாட வேண்டிய பிராணி அது.

ஆமை தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் விலங்கு அல்ல என்பது பள்ளிப்பாடம். உடல் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் உள்ளே நடக்கும் வேதிவினைகளின் வேகம் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ விழுந்துவிடும். பெருங்குடலில் புல்லை நொதிக்கவைக்கும் பாக்டீரியாக்களும் ஓய்ந்துவிடுவதால் தின்றது செரிக்காமல் தங்கும். நோய் எதிர்ப்பும் தளரும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையான உதரவிதானம் ஆமைக்கு இல்லாததால் நம்மைப்போல் இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. எனவே குளிரோடு ஈரமும் சேர்ந்தால் நுரையீரல் தொற்று எளிதில் பற்றிக்கொள்ளும்.

இனி, மண்ணின் கதைக்கு வருவோம். இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்தவற்றுள் இதுவும் ஒன்று என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மண் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். காலை வெயிலில் சுட்ட மேற்பரப்பின் சூடு கீழே ஒரு சாண் ஆழத்தை எட்டுவதற்குள் மேலே பொழுது சாய்ந்து குளிரத் தொடங்கிவிடும். இப்போது அந்தக் குளிர்ச்சி, முன்னே சென்ற சூட்டைப் பின்தொடர்ந்து இறங்கும். இப்படிச் சூடும் குளிரும் ஒன்றையொன்று துரத்திச் சென்று கரைவதால், ஏறக்குறைய ஒரு முழ ஆழத்தில் பகல் எது, இரவு எது என்று தெரியாத அளவுக்கு வேறுபாடு மறைந்துவிடும். கோடையும் குளிர்காலமும்கூட இதே போன்ற அலைதான். ஆனால் அதன் ஒரு சுற்றுக்கு 365 நாட்கள் ஆகின்றன. அலை இறங்கும் ஆழம் அதன் கால அளவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 365-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 19 என்பதால், நாளின் அலை ஒரு முழத்தில் மறைந்தால் ஆண்டின் அலை சுமார் 19 முழத்தில், அதாவது எட்டரை மீட்டரில் மறையும். 3 மீட்டர் ஆழத்திலேயே அது பெருமளவு தேய்ந்து, இரண்டு மூன்று மாதம் பின்தங்கித்தான் வந்துசேரும். மேலே எத்தனை வெயிலும் பனியும் மாறி மாறி வந்தாலும், ஆழத்து மண் அத்தனையையும் கூட்டி வகுத்து, அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்கிறது.

சாஹேலில் அந்தச் சராசரி 28 டிகிரியை ஒட்டி இருக்கும். நண்பகலில் வெந்து, பின்னிரவில் குளிரும் அந்த நிலத்தில், பல மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம்போல் வளை தோண்டி உள்ளே போகும் ஆமைக்கு ஆண்டு முழுவதும் மாறாத இதமான சூடு கிடைக்கிறது. தலைமுறை தலைமுறையாக அதன் உடலில் பதிந்துபோன பாடம் இது: துன்பம் என்றால் மண்ணுக்குள் போ. தென் இங்கிலாந்தில் அதே ஆழத்து மண்ணின் சராசரியோ 11 டிகிரி. நவம்பர் இரவில் வெளியே 3 டிகிரி, வளைக்குள் 11 டிகிரி என்றால் ஆமைக்கு வளைதான் மேலான இடமாகத் தோன்றும். உள்ளே போய், கால்களைச் சுவரில் ஊன்றி இறுகிக்கொள்ளும். 50 கிலோ ஆமை அப்படி இறுகிக்கொண்டால் இரண்டு ஆட்கள் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. அந்த 11 டிகிரியில் அதனால் செரிக்கவும் இயலாது, முறையாக உறங்கவும் இயலாது.

பெரிய உடலுக்குச் சூட்டைச் சேமித்துவைக்கும் திறன் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. நீளம் இரு மடங்கானால் தோலின் பரப்பு நான்கு மடங்கும் உடலின் கொள்ளளவு எட்டு மடங்கும் ஆவதால், பெரிய ஆமை மெதுவாகத்தான் ஆறும். அதோடு இதயமும் உதவுகிறது: வெயில் காயும்போது வேகமாகத் துடித்து, மேற்பரப்பின் சூட்டை இரத்தத்தின் வழியே உள்ளே அனுப்பும், குளிரும்போது துடிப்பைத் தாழ்த்தி, தோலருகே உள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்கி, சேர்த்த சூட்டைக் காக்கும். ஊர்வனவற்றில் பரவலாகக் காணப்படும் இந்த ஏற்பாட்டினால், கலாபகோஸ் கடல் உடும்பு ஆறுவதைப்போல் இரு மடங்கு வேகத்தில் சூடேறுகிறது என்று விலங்கியல் ஆய்வாளர்கள் பார்த்தலோமியூவும் லசீவ்ஸ்கியும் 1965-இல் அளந்து காட்டினார்கள். உடனடிப் பயன் எதையும் காட்ட முடியாத இத்தகைய ஆய்வுகளுக்கு நிதி தர இன்று பலரும் தயங்குவது எனக்கு உண்மையான வருத்தம். ஆயினும், மெதுவாக ஆறும் உடல் மெதுவாகவே சூடேறும் என்பதையும் மறக்கக் கூடாது. உள்வரை குளிர்ந்துபோன பெரிய ஆமையை டிசம்பர் மாதத்து நாலு மணி நேரச் சாய்வெயில் மீட்டுக்கொண்டுவராது. இன்றைய பற்றாக்குறை நாளைக்கும் தொடர்ந்து சேர்ந்துகொண்டே போகும்.

ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் கட்டுவது சாஹேல் மண்ணின் ஒரு துண்டு என்றே கொள்ள வேண்டும். பிளைவுட் சுவர் இரண்டு, இடையில் கெட்டியான தெர்மோகோல் போன்ற பலகை. தரைக்கும் கூரைக்கும் அதே ஏற்பாடு. ஆமை திரும்புவதற்கு இடம் வேண்டும், ஆனால் அறை பெரிதாகிவிடவும் கூடாது. வாசலில், குளிர்பதனக் கிடங்குகளில் தொங்குவதைப் போன்ற தடித்த பிளாஸ்டிக் பட்டைகளைத் தொங்கவிட்டால், ஆமை தலையை உள்ளிழுத்து ஓட்டின் முன்விளிம்பால் அவற்றை முட்டித் திறந்துகொண்டு உள்ளே போகும். பட்டைகள் ஒவ்வொன்றாக அதன் முதுகின்மேல் வழிந்து, கடைசியில் தாமாகவே மூடிக்கொள்ளும்.

உள்ளே எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ஹீட்டரை வைத்து, தெர்மோஸ்டாட்டை 26, 27 டிகிரியில் நிறுத்தினால் காற்று முழுவதும் சீராகச் சூடேறும். உச்சியில் விளக்கைத் தொங்கவிடுவது பெரிய ஆமைக்குத் தவறு. விளக்குக்கு மிக அருகில் இருப்பது ஓட்டின் முகடு. அந்த ஓடு எலும்பாலான, இரத்தம் ஓடும், உணர்ச்சியுள்ள உறுப்பு. வயிறு இன்னும் குளிர்ந்திருக்கையிலேயே முகடு வெந்துபோகும். ஹீட்டருக்கு முன்னால் உறுதியான மரத்தடுப்பு அவசியம், ஏனெனில் வழியில் நிற்கும் எதையும் ஆமை தள்ளிப் பார்க்கும். வேலியும் அப்படியே: கம்பிவலை வழியே அப்பால் தெரிந்தால் முட்டிக்கொண்டே இருக்கும், பார்வையை மறைக்கும் பலகை என்றால் திரும்பிவிடும். சரிவுகளும் படிகளும் ஆபத்து. நுரையீரல் முதுகோட்டின் அடியில் இருப்பதால், புரண்டு மல்லாந்த ஆமையின் குடல் முழுவதும் நுரையீரலின்மேல் அழுந்தும்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று நம்மவர்கள் சொல்வதும், அதிர்ஷ்டம் என்று நட்சத்திர ஆமைக் குஞ்சைத் திருட்டுத்தனமாக வாங்கி வைத்துக்கொள்வதும் ஒரே அறியாமையின் இரண்டு முகங்கள். இரண்டிலும் ஆமைக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

அந்த வாசகரின் பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு வேலைகள் மீதம் இருக்கும். தோட்டத்தில் ஆமை ஏற்கெனவே தோண்டத் தொடங்கியிருக்கும் குழியை மண்ணிட்டு நிரப்பி, அதன்மேல் கனமான கற்பலகையைப் போட வேண்டும். புதிய அறையைத் தன் வளையாக ஆமை ஏற்றுக்கொள்ளும்வரை, ஒவ்வொரு மாலையும் இருட்டுவதற்குள் டார்ச்சுடன் போய், அது உள்ளேதான் படுத்திருக்கிறதா என்று பட்டைகளை விலக்கிப் பார்த்துவிட்டு வர வேண்டும்.