கட்டி வரைக்கும் போற டி செல் ஏன் உள்ள இறங்க மாட்டேங்குது?

கேன்சருக்குத்தான் தடுப்பூசி வந்துடுச்சாமே, அப்புறம் எதுக்கு ரத்தக்குழாயைத் தாக்குற மருந்தையும் சேர்த்துக் குடுத்துப் பாக்குறாங்கன்னு ஒருத்தர் கேட்டிருந்தார்.

முதல்ல, இது போலியோ சொட்டு மாதிரி நோய் வராம தடுக்குற சமாச்சாரம் இல்ல. ஏற்கெனவே கட்டி இருக்கிறவருக்குப் போட்டு, அவரோட டி செல்லுக்கு (நோயை எதிர்த்து சண்டை போடுற ஒரு வகை வெள்ளை அணு) எதிரியை அடையாளம் காட்டுற ஊசி. 2010ல அமெரிக்காவுல புராஸ்டேட் கேன்சருக்கான சிபுலியூசெல்-டிங்கிற இப்படிப்பட்ட ஊசிக்கு அனுமதி கிடைச்சுது, ஆயுசு கூடினது சுமார் நாலு மாசம். அவ்ளோதானா? இந்த மாதிரி ஊசிகள்ல அடிக்கடி நடக்குறது இதுதான், ரத்தத்தை டெஸ்ட் பண்ணா டி செல் ஜோரா பெருகியிருக்கும், கட்டிக்குள்ள பாத்தா ஆளையே காணோம்.

கட்டி வளர ரத்தம் வேணும், அதுக்காக விஇஜிஎஃப்ங்கிற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை இழுத்துக்குது. கட்டி இப்படிக் குழாயை நம்பித்தான் வளருதுன்னு 1971லயே அமெரிக்க டாக்டர் ஜூடா ஃபோக்மேன் சொன்னார், விஇஜிஎஃப்பைப் பிடிச்சு வைக்கிற பெவசிசுமாப்ங்கிற மருந்து 2004ல வந்துச்சு. இதெல்லாம் பலருக்குத் தெரிஞ்சதுதான்.

எனக்குப் பிடிச்ச இடம் குழாயோட உள்சுவர். ஓடுற பஸ்ல இருந்து இறங்கணும்னா கம்பியைப் பிடிச்சாகணும்ல, டி செல்லுக்கும் அதே கதைதான். சுவர்ல ஐகேம், விகேம்னு ஒட்டு மூலக்கூறுகள் நீட்டிட்டு இருக்கும், செல் அதுல தட்டுப்பட்டு உருண்டு, வேகம் குறைஞ்சு, ஒட்டி, தட்டையாகி, ரெண்டு சுவர் செல்லுக்கு நடுவுல நெளிஞ்சு வெளிய வந்துடும். கட்டியோட குழாய்ல விஇஜிஎஃப் இந்த மூலக்கூறுகளையே குறைச்சுடுது, செல் வழுக்கிட்டுப் போயிடுது. சில கட்டிகள்ல சுவரே ஃபாஸ் லிகண்ட்னு ஒரு புரதத்தை ஏந்திட்டு, கொல்ல வர்ற டி செல்லைக் கொன்னுட்டு, எதிர்ப்பை அடக்குற டி செல்லை மட்டும் விட்டுடுது! போதாததுக்கு குழாய் ஒழுகி உள்ள நீர் அழுத்தம் ஏறுது, டி செல்லுக்கு எதிரியைக் காட்டிக்குடுக்குற, ஊசி நம்பியிருக்கிற டென்ட்ரிடிக் செல்லையும் விஇஜிஎஃப் முதிர விடுறதில்ல.

அப்போ குழாயை மொத்தமா அழிச்சுடலாமா? ஐஐடி கான்பூர்ல படிச்சு ஹார்வர்டுக்குப் போன ராகேஷ் ஜெயின் 2001ல வேற மாதிரி சொன்னார், அழிக்காதீங்க, ரிப்பேர் பண்ணுங்கன்னு. 2012ல அவர் குழு மார்பகக் கேன்சர் எலிகளுக்கு ஊசியோட குழாய் மருந்தைக் குடுத்துப் பாத்துச்சு, ஃபுல் டோஸை விட கால்வாசி டோஸ்தான் நல்லா வேலை செஞ்சுது. குழாய்கள் ஒழுங்காச்சு, டி செல் உள்ள இறங்குச்சு. மருந்து அதிகமானா ஆக்சிஜன் வத்திப்போய், எதிர்ப்பை அடக்குற செல்கள்தான் வந்து குவியும்.

எலில சரி, மனுஷன்ல? சிறுநீரகக் கேன்சருக்கு ஐஎம்ஏ901ங்கிற ஊசியை சுனிட்டினிப்ங்கிற குழாய் மருந்து மாத்திரையோட 339 பேரை வச்சு சோதிச்சாங்க, 2016ல ரிசல்ட் வந்துச்சு, ஆயுசு கூடல. ஆனா 2020ல கல்லீரல் கேன்சருக்கு அட்டிசோலிசுமாப்போட பெவசிசுமாப் சேர்த்தது ஜெயிச்சுது. அட்டிசோலிசுமாப் தடுப்பூசி இல்ல, டி செல்லோட பிரேக்கை எடுத்துவிடுற மருந்து, பெவசிசுமாப்பையும் உடம்பு எடைல கிலோவுக்கு 15 மில்லிகிராம்னு நல்ல கனமான டோஸ்ல குடுத்தாங்க. அதனால எலிக் கணக்கு இங்க நேரா பொருந்தல.

எந்த டோஸ், ஊசிக்கு முன்னாடியா பின்னாடியான்னு மனுஷங்க கிட்டதான் பாக்கணும். மருந்தைக் கம்மியா குடுத்தா போதுமான்னு பாக்குற சோதனைக்கு எந்த கம்பெனி காசு போடும் சொல்லுங்க? பெவசிசுமாப்போட பயோசிமிலர் (கிட்டத்தட்ட அதே மாதிரி வேலை செய்யுற நகல் மருந்து) இந்தியாவுலயே தயாராகுது, மருத்துவ ஆராய்ச்சிக்கான ஐசிஎம்ஆர் மாதிரி அரசு அமைப்பு இறங்கினாத்தான் உண்டுன்னு எனக்குத் தோணுது.