ஊரடங்குத் தளர்வு ஆணையை எப்படி வாசிப்பது?

பெருந்தொற்றுக் காலத்தில் ஊரடங்கை அறிவிக்க ஓர் இரவு போதும். அதைத் தளர்த்துவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. 2020, 2021 ஆண்டுகளில் உலகெங்கும் நடந்த வாக்குவாதம் நினைவிருக்கும். உயிர் முக்கியமா, பிழைப்பு முக்கியமா என்று மக்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நின்றார்கள். திறக்கச் சொன்னவருக்கு ஈவிரக்கமில்லை என்றார்கள். பொறுக்கச் சொன்னவரைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள். இரு தரப்பாரும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. எந்த அளவைப் பார்த்துத் திறக்கிறீர்கள்? தவறிப்போனால் எந்த அளவைப் பார்த்து மூடுவீர்கள்? இடைப்பட்ட காலத்தில் எங்களுக்கு என்ன தருவீர்கள்? ஒரு நல்ல தளர்வு ஆணையில் இந்த மூன்றுக்கும் விடை எழுதப்பட்டிருக்க வேண்டும். அதைத் தேடி வாசிக்க உதவுவதே இந்த விளக்கத்தின் நோக்கம்.

அடிப்படை ஆவணம் உலக சுகாதார அமைப்பு 2020 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல். கட்டுப்பாடுகளைத் தளர்த்த நினைக்கும் எந்த அரசும் ஆறு நிபந்தனைகளைச் சரிபார்க்க வேண்டும் என்றது அது. தொற்றுப் பரவல் கட்டுக்குள் வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நோயாளியையும் கண்டுபிடித்து, பரிசோதித்து, தனிமைப்படுத்தி, சிகிச்சை தந்து, அவரோடு பழகியவர்களையும் தேடிப் பிடிக்கும் திறன் சுகாதாரத் துறைக்கு வேண்டும். மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் ஆபத்து குறைந்திருக்க வேண்டும். வேலையிடங்களிலும் பள்ளிகளிலும் தடுப்பு ஏற்பாடுகள் தயாராக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் தொற்றைச் சமாளிக்க வழி வேண்டும். ஆறாவது நிபந்தனை மக்களைப் பற்றியது: புதிய நடைமுறைகளை அவர்கள் புரிந்துகொண்டு, ஏற்று, கடைப்பிடிக்கும் நிலையில் இருக்க வேண்டும். இந்த ஆறில் பலராலும் மறக்கப்பட்டது இதுதான் என்று நினைக்கிறேன். புரியாத விதியை யாரால் கடைப்பிடிக்க முடியும்?

அதே ஆண்டு மே மாதம் அந்த அமைப்பு அளவுகோல்களையும் தந்தது. அவற்றில் இரண்டைத் தெரிந்துகொண்டால் பாதி ஆணைகள் புரிந்துவிடும்.

ஒன்று, பரவல் எண். தொற்றுள்ள ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புகிறார் என்பதே அது. இந்த எண் குறைந்தது இரண்டு வாரங்கள் 1-க்குக் கீழே இருக்க வேண்டும். 1-க்குச் சற்று மேலே போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண் 0.9 என்றால் 1,000 நோயாளிகள் அடுத்த சுற்றில் 900 ஆவார்கள், பிறகு 810, பிறகு 729. எண் 1.2 என்றால் 1,000 பேர் 1,200 ஆகி, 1,440 ஆகி, 1,728 ஆகி, நான்காவது சுற்றில் 2,000-ஐத் தாண்டிவிடுவார்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால், மூன்று வாரத்துக்குள் தொற்று இரட்டிப்பாகிறது. ‘கொஞ்சம்தானே கூடியிருக்கிறது’ என்று சொல்லும்போது ஒளிந்திருப்பது இந்தக் கணக்கு.

இன்னொன்று, பரிசோதனையில் தொற்று உறுதியாகும் சதவீதம். போதுமான அளவு பரிசோதனை நடக்கும்போது இது இரண்டு வாரங்களாவது 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அளவுகோல். தினசரி எண்ணிக்கையைவிட இதை நம்பலாம் என்பேன். பரிசோதனையைக் குறைத்தால் எண்ணிக்கை தானாகவே குறையும். ஆனால் 100 பேரைச் சோதித்து 20 பேருக்குத் தொற்று இருந்தால், சோதிக்கப்படாதவர்களிடம் இன்னும் நிறைய இருக்கிறது என்று பொருள். ‘நோயாளிகள் குறைந்துவிட்டார்கள், திறக்கிறோம்’ என்று ஓர் அரசு சொன்னால் உடனே கேட்க வேண்டியது, எத்தனை பேரைச் சோதித்தீர்கள் என்பதே.

அடுத்து, கட்டங்களுக்கு இடையிலான இடைவெளி. ஒரு கட்டத் தளர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது இரண்டு வாரம் விடுவது நல்லது என்றது உலக சுகாதார அமைப்பு. காரணம் எளிது. இன்று ஒரு கதவைத் திறந்தால் அதன் விளைவு நாளை தெரியாது. தொற்றிய பின் அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து, ஆறு நாள். சிலருக்கு 14 நாள்வரை ஆகலாம். நோய் முற்றி மருத்துவமனைக்கு வர மேலும் ஒரு வாரம் அளவில் ஆகும். வாரந்தோறும் ஒரு கதவைத் திறந்துகொண்டே போனால், பிறகு நோயாளிகள் கூடும்போது எந்தக் கதவு வழியாக வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இங்கிலாந்து 2021 பிப்ரவரி 22 அன்று வெளியிட்ட நான்கு கட்டத் திட்டத்தில் கட்டத்துக்குக் கட்டம் ஐந்து வார இடைவெளி இருந்தது: தரவு வருவதற்கு நான்கு வாரம், மக்களுக்கும் தொழில்களுக்கும் முன்னறிவிப்பாக ஒரு வாரம். அந்த ஒரு வார முன்னறிவிப்பை எழுதி வைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

அதே திட்டத்தில் தேதிகளும் இருந்தன. ‘இந்தத் தேதிக்கு முன்னதாக இல்லை’ என்றுதான் எழுதியிருந்தார்கள்; ஆனால் மக்கள் மனத்தில் அது ‘இந்தத் தேதியில்’ என்று பதிந்தது. கடைசிக் கட்டத்துக்குக் குறித்தது ஜூன் 21. டெல்டா வகை வைரஸ் பரவியதால் அது ஜூலை 19-க்குத் தள்ளிப்போனது. வாக்கு மீறிவிட்டதாகப் பலர் கொதித்தார்கள். உண்மையில் உருமாறிய வைரஸ் நிலைமையை மாற்றிவிடக் கூடாது என்பது அத்திட்டத்தின் நான்கு சோதனைகளில் ஒன்றாக முதல் நாளிலிருந்தே இருந்தது. அரசு தேதியைச் சொன்ன அளவு உரத்த குரலில் நிபந்தனையைச் சொல்லவில்லை என்பதே என் வருத்தம். ஆணையில் தேதியைக் கண்டால், அதன் அருகே ‘என்றால்’, ‘ஆனால்’ என்று வரும் வரிகளையும் சேர்த்துப் படியுங்கள்.

திரும்பி மூடும் வழி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். நியூசிலாந்து 2020 மார்ச் 21 அன்று, நாட்டை மூடுவதற்கு முன்பே, நான்கு நிலைகள் கொண்ட ஓர் அட்டவணையை வெளியிட்டது. எந்த நிலையில் எது திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்று யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மார்ச் 25 இரவு நான்காம் நிலைக்கு ஏறினார்கள். ஏப்ரல் 27 இரவு மூன்றுக்கும், மே 13 இரவு இரண்டுக்கும், ஜூன் 8 இரவு ஒன்றுக்கும் இறங்கினார்கள். ஆகஸ்ட்டில் ஆக்லாந்தில் மீண்டும் தொற்று தென்பட்டபோது அந்த நகரம் மட்டும் மூன்றாம் நிலைக்குப் போனது. புதிதாக எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. படி ஏறும்போதும் இறங்கும்போதும் அதே படிதான்.

எதை முதலில் திறப்பது? விவாதத்தில் எனக்கு மிகவும் வலித்த பகுதி இது. உச்சகட்டத்தில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 160 கோடி மாணவர்களின் படிப்பு பாதிக்கப்பட்டது. டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்று மழலையர் காப்பகங்களையும் தொடக்க வகுப்புகளையும்தான் முதலில் திறந்தது. மேசைகளைத் தள்ளிப் போட்டார்கள், குழந்தைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்தார்கள், அடிக்கடி கை கழுவ வைத்தார்கள், முடிந்த பாடங்களை வெளியில் நடத்தினார்கள். எங்கள் பிள்ளைகள் சோதனை முயல்கள் அல்ல என்று ஆயிரக்கணக்கான பெற்றோர் எதிர்த்தார்கள். அந்த அச்சத்தைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் முதலில் திறக்க வேண்டியது குழந்தைகளுக்கே என்று அந்த அரசு முடிவெடுத்தது சரி என்பேன். இங்கிலாந்தில் சில வகுப்புகள் ஜூன் மாதமே திரும்பின என்றாலும், மதுக்கூடங்கள் ஜூலை 4 அன்று திறந்துவிட்டன. பெரும்பாலான மாணவர்கள் பள்ளிக்குள் நுழைந்தது செப்டம்பரில்.

திறந்தால் மட்டும் போதாது, எப்படித் திறக்கிறோம் என்பதும் கணக்கில் வருகிறது. இஸ்ரேல் 2020 மே 17 அன்று வகுப்பறைக் கூட்ட வரம்பை நீக்கிப் பள்ளிகளை முழுமையாகத் திறந்தது. அந்த வாரமே கடும் வெப்ப அலை. மாணவர்கள் முகக்கவசம் அணிய வேண்டியதில்லை என்று விலக்குத் தந்தார்கள். ஜன்னல்களுக்குப் பதில் குளிரூட்டி ஓடியது. ஜெருசலேமின் ஒரு பள்ளியில் ஒரு வகுப்புக்கு முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அங்கே 153 மாணவர்களுக்கும் 25 பணியாளர்களுக்கும் தொற்று உறுதியானது. கூட்ட வரம்பு, முகக்கவசம், காற்றோட்டம் என்ற மூன்று தடுப்புகளும் ஒரே வாரத்தில் விலகியிருந்தன.

ஆகவே ஆணையில் ‘50 சதவீத இருக்கைகளுடன் அனுமதி’ என்று மட்டும் இருந்தால் மனநிறைவு கொள்ளாதீர்கள். எத்தனை சதுர மீட்டருக்கு ஒருவர், ஜன்னல் திறந்திருக்க வேண்டுமா, எவ்வளவு நேரம் உள்ளே இருக்கலாம் என்று தேடுங்கள். 100 சதுர மீட்டர் அறையில் ஒருவருக்கு 10 சதுர மீட்டர் என்றால் 10 பேர். 4 சதுர மீட்டர் என்றால் 25 பேர். காற்றோட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத ஆணை பாதி ஆணைதான். இந்த வைரஸ் காற்றில் மிதந்தும் பரவுகிறது என்பதைக் கவனியுங்கள் என்று 2020 ஜூலையிலேயே 239 அறிவியலாளர்கள் திறந்த மடலில் கேட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் பல இடங்களில் மேசையைத் துடைப்பதற்குத் தந்த கவனத்தை ஜன்னலுக்குத் தரவில்லை.

பணத்துக்கு வருவோம். கால்வாசிக் கூட்டத்துக்கு மட்டும் அனுமதி பெற்ற அரங்குக்கு வாடகை கால்வாசி ஆகிவிடுவதில்லை. ‘திறந்துவிட்டீர்களே’ என்று உதவியை நிறுத்தினால், அது திறப்பு அல்ல, கைவிடுதல். பிரிட்டனில் வேலையை இழக்காமல் தற்காலிகமாக வீட்டில் இருக்க வேண்டியவர்களுக்கு, மாதம் 2,500 பவுண்டு உச்சவரம்புக்கு உட்பட்டு, ஊதியத்தில் 80 சதவீதம் கிடைக்கும் திட்டம் இருந்தது. இங்கிலாந்தில் கடைசிக் கட்டத் தளர்வு 2021 ஜூலை 19 அன்று வந்தது. அந்தத் திட்டம் செப்டம்பர் 30 வரை நீடித்தது. போதுமா என்று வாதிடலாம். ஆனால் கட்டுப்பாடு நீங்கிய நாளிலேயே உதவி அறுந்துவிடக் கூடாது என்பதை அந்த இடைவெளி ஒப்புக்கொண்டது.

பாதுகாப்பாக வேலை செய்ய முடியாதவர்களை வேலைக்கு அழைப்பது இதன் மறுபக்கம். ஜெர்மனியில் 2020 மே 6 அன்று ஒரு விதி ஒப்புக்கொள்ளப்பட்டது: ஒரு மாவட்டத்தில் ஏழு நாளில் லட்சம் பேருக்கு 50 புதிய தொற்றைத் தாண்டினால் அங்கே மீண்டும் கட்டுப்பாடு. ஜூன் மாதம் கூட்டர்ஸ்லோ மாவட்டத்தில் ஓர் இறைச்சி ஆலையில் 1,500-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று வந்தது. பலர் ருமேனியா, பல்கேரியா, போலந்து நாடுகளிலிருந்து ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்கள். நெருக்கமான விடுதிகளில் சேர்ந்து தங்கியவர்கள். மாவட்டம் முழுவதையும் மூடினார்கள். மூடும் எண் வேலை செய்தது. ஆனால் அந்த விடுதிகளின் நெருக்கத்தை அந்த எண்ணால் தடுக்க முடியவில்லை. 2021 ஜனவரி 1 முதல் இறைச்சி வெட்டும் வேலையில் ஒப்பந்தத் தொழிலாளர் முறைக்கே தடை வந்தது.

அந்த மாவட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. ஊரடங்கை நீட்டித்தபோது வழக்குப் போட்டார்கள். ஜூலை 6 அன்று மாநில உயர் நிர்வாக நீதிமன்றம், தொற்று சில இடங்களில் மட்டும் இருக்கும்போது மாவட்டம் முழுவதையும் மூடி வைப்பது அளவுக்கு மீறியது என்று அதை நிறுத்தி வைத்தது. உரிமைகளைக் கட்டுப்படுத்துவதற்கு 1984-இல் வகுக்கப்பட்ட சிரக்கூசா கோட்பாடுகள் சொல்வதும் இதுதான்: கட்டுப்பாடு சட்டப்படி இருக்க வேண்டும், தேவையானதாகவும் அளவானதாகவும் இருக்க வேண்டும், காலவரம்பும் மறுஆய்வும் வேண்டும். ஆணையின் கடைசிப் பக்கத்தில் முடியும் தேதியும், யாரிடம் முறையிடலாம் என்பதும் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் உரிமை.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மனித உரிமை எப்படி மீறப்பட்டது என்பது பதிவாகியிருக்கிறது. 2020 ஜூலை 4 அன்று ஒன்பது அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்ந்த சுமார் 3,000 பேர் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உள்ளேயே நிறுத்தப்பட்டார்கள். மூட வேண்டும் என்பதில் சுகாதார அதிகாரிகளுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உணவும் மற்ற ஏற்பாடுகளும் செய்துகொண்டு மறுநாள் தொடங்கலாம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். உடனே தொடங்கியதால் சிலருக்கு உணவும் மருந்தும் கிடைக்கவில்லை. எட்டுக் கட்டடங்களுக்கு ஐந்து நாளில் விடுதலை. ஒன்பதாவதற்கு இரண்டு வாரம். முன்னறிவிப்பின்றி மூடியது மனித உரிமைக்கு ஒவ்வாதது என்று விக்டோரியா மாநிலக் குறைதீர்ப்பாளர் டிசம்பரில் அறிக்கை தந்தார். அந்த ஆணையைப் படித்துப் பார்த்து, மனித உரிமைகளையும் எடைபோட்டுக் கையெழுத்திட, பொறுப்பு அதிகாரிக்குக் கிடைத்தது ஏறக்குறைய 15 நிமிடம்.