பர்லியாரில் எரிந்த மஞ்சள் விளக்கு

கோயம்புத்தூரிலிருந்து குன்னூருக்கு வந்துகொண்டிருந்த மச்சான், பர்லியாரில் மங்குஸ்தான் வாங்க வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார். ஏசி ஓடட்டும் என்று இன்ஜினை அணைக்கவில்லை. பழத்தோடு திரும்பினால் டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு. உடனே எனக்குப் போன்: "மாப்ளே, உங்க மலை வண்டியைக் கெடுத்துருச்சு!"

சமவெளிக்காரர்கள் மலைமேல் பழி போடுவது புதிதல்ல. ஒரு காலத்தில் அதில் நியாயமும் இருந்தது. கடல்மட்டத்தில் 101 கிலோபாஸ்கல் இருக்கும் காற்றழுத்தம், 1,850 மீட்டர் உயரக் குன்னூரில் சுமார் 81. ஊட்டியில் 77தான். பழைய வண்டிகளில் காற்றோடு பெட்ரோலைக் கலந்துவிடும் கார்புரேட்டருக்கு இது தெரியாது. காற்று மெலிந்த பிறகும் கிட்டத்தட்ட பழைய அளவிலேயே பெட்ரோலை ஊற்றும். வண்டி கரும்புகை விட்டுக்கொண்டு இழுக்காமல் நிற்கும். இப்போதைய வண்டியில் இருக்கும் இ.சி.யூ என்ற கணினி காற்றை அளந்துதான் பெட்ரோலைக் கொடுக்கிறது. மேலே ஏறினால் சக்தி குறையும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் உயரம் ஏறியதற்காக மட்டும் விளக்கு எரியாது.

இந்த விளக்குக்கு மச்சான் ஏற்கெனவே ஒருமுறை செலவு செய்திருந்தார். இரண்டு வாரம் முன்பு கீழே ஒரு பட்டறையில் ஸ்கேனர் போட்டிருக்கிறார்கள். பி 0171 என்ற கோளாறுக் குறியீடு, அவர்கள் மொழியில் 'கோடு' (code), வந்ததாம். ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றி, கோடை அழித்து அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு எரிச்சல் வரும் இடம் இதுதான். கோடு எந்த உதிரிபாகத்தின் பெயரும் இல்லை. 'பி' என்றால் இன்ஜினும் கியரும் சேர்ந்த பகுதி. அடுத்த 0, எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான கோடு என்று சொல்கிறது. அதற்கடுத்த 1 எரிபொருள், காற்று விவகாரம். கடைசி 71 சொல்வது: கலவையில் பெட்ரோல் போதவில்லை. புகைக்குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்ஸிஜன் சென்சார்தான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னது. சேதி சொன்னவனைத் தூக்கிவிட்டுப் புது ஆளைப் போட்டால், அவனும் அதே சேதியைத்தானே கொண்டுவருவான்?

குன்னூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்து கட்டாயமான ஓ.பி.டி-2 சாக்கெட் அது. இந்தியக் கார்களுக்கு 2013 ஏப்ரலில் வந்தது. அதே பி 0171. கோடை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் நேராக 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' பக்கத்துக்குப் போனார். கோளாறு பதிவாகும் நொடியில் வண்டி எப்படி இருந்தது என்று இ.சி.யூ எடுத்து வைக்கும் படம் அது. வேகம் 0, சுற்று நிமிடத்துக்கு 780, கூலன்ட் 89 டிகிரி.

"மலை ஏறும்போது வரலீங்களே. நிக்கும்போது வந்திருக்கு" என்றார்.

அடுத்து அவர் பார்த்தது 'ஃப்யூயல் ட்ரிம்'. ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும் (எத்தனால் கலந்தால் இது கொஞ்சம் குறையும்). சென்சார் சொல்வதைக் கேட்டுக் கேட்டு இ.சி.யூ பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்குதான் ட்ரிம். ஐந்து சதவீதம் இப்படி அப்படி இருந்தால் கவலையில்லை. மச்சானின் வண்டியில் ஐடிலிங்கில், அதாவது மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, கூட்டல் 22. ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2,500 சுற்றில் நிறுத்தியதும் கூட்டல் 6.

பெட்ரோல் போதாமைக்குச் சாதாரணமாக இரண்டு வழி. ஒன்று, கணக்கில் வராத காற்று எங்கோ ஓட்டை வழியாக நுழைவது. ஐடிலிங்கில் இன்ஜின் உறிஞ்சும் காற்றே கொஞ்சம். அதில் இந்தத் திருட்டுக் காற்றின் பங்கு பெரிது. மிதித்தால் உள்ளே போகும் காற்று பல மடங்காகும், ஓட்டை பெரிதாகத் தெரியாது. மற்றது, பம்ப் தளர்ந்தோ ஃபில்டர் அடைத்தோ பெட்ரோல் வராமல் போவது. இது தலைகீழ். சும்மா நிற்கும்போது சமாளித்துவிடும், மலைப்பாதையில் காட்டேரி என்ற இடத்துப் பக்கம் ஏற்றத்தில் பாதி மிதியில் இழுக்கும்போது எண் ஏறும். அதே கோடுதான் வரும், நோய் வேறு. மலைப்பாதையில் இருப்பவர்களுக்கு இந்தச் சோதனைக்கு ஸ்கேனரைத் தவிர தனிக் கருவி வேண்டாம், மேட்டுப்பாளையம் வரை போய்த் திரும்பினால் போதும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்தக் கணக்கு, உள்ளே போகும் காற்றை நேராக அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்குத்தான் சரிப்படும். அழுத்தத்தை அளக்கும் 'மேப்' சென்சாரை மட்டும் நம்பும் வண்டிகளில் திருட்டுக் காற்றும் கணக்கில் வந்துவிடும். ஐடிலிங் ஏறும், ட்ரிம் அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது. அந்த மேப் சென்சாரையே சோதிக்க சாவியை 'ஆன்' செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் எண்ணைப் பாருங்கள். வெளியே இருக்கும் காற்றழுத்தம்தான் வர வேண்டும். ஊட்டியில் 77 காட்டினால் சென்சார் நன்றாக இருக்கிறது. 100 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்!

மெக்கானிக் பானெட்டைத் திறந்து, ஒவ்வொரு ஹோஸாக வளைத்துப் பார்த்தார். இன்ஜின் உள்காற்றை, வெளிக்காற்று நுழையும் இன்டேக்குக்குக் கொண்டுபோகும் கட்டைவிரல் தடிமன் ரப்பர் குழாயில், வளைவின் அடிப்பக்கம் ஒரு வெடிப்பு. நிமிர்த்தினால் மூடிக்கொள்கிறது, மடக்கினால் வாயைத் திறக்கிறது. விரலால் அழுத்திப் பிடித்ததும் நடுங்கிக்கொண்டிருந்த இன்ஜின் அடங்கியது.

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைக்கும் வைத்தியத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து அழியும், அடுத்து பார்ப்பவருக்குத் துப்பே இருக்காது. விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். மினுக்கினால் மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் உள்ளே சரியாக எரியாமல் தவறுவது, கடுமையாக இருக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதையும் பொசுக்கிவிடும். மிதியைக் குறைத்து, இடம் பார்த்து நிறுத்துவதே நல்லது.

புது ஹோஸ் மாட்டி இரண்டு நாள் ஓட்டியபின் ட்ரிம் கூட்டல் 3க்கு இறங்கியது. மச்சான் மலையைப் பற்றி அப்புறம் பேச்செடுக்கவில்லை. கிளம்பும்போது மட்டும் கேட்டார்: "அப்போ அந்தப் பழைய சென்சார் நல்லாத்தானே இருந்திருக்கு? அதையாவது கேட்டு வாங்கியிருக்கலாம்ல?"