எபிஜெனெடிக்ஸ் என்றால் ‘மரபணு மாற்றம்’ அல்ல

“தாயின் உணவு பிள்ளையின் மரபணுவை மாற்றிவிடும்.” இந்த வாக்கியத்தைத் துண்டுப்பிரசுரத்தில் கண்டேன், வானொலியில் கேட்டேன், போன கிழமை கொழும்பில் ஒரு கருத்தரங்கு மேடையிலும் சொன்னார்கள். எபிஜெனெடிக்ஸ் என்ற சொல்லை யாரோ ‘மரபணு மாற்றம்’ என்று பெயர்த்துவிட, எல்லாரும் அதையே எடுத்து ஓதுகிறார்கள். இது சின்னப் பிழை அல்ல.

சொல்லின் கதை சுருக்கமானது. ‘எபி’ கிரேக்க முன்னொட்டு. மேல் என்று பொருள். 1942இல் கொன்ராட் வாடிங்டன் என்ற பிரித்தானிய உயிரியலாளர், கரு வளர்ச்சியில் மரபணுக்கள் எப்படிச் செயற்படுகின்றன என்பதைப் பேச இந்தச் சொல்லை ஆக்கினார். இன்று டி.என்.ஏ.யின் எழுத்து வரிசை மாறாமலே மரபணுக்களின் செயற்பாடு மாறுவதை அது குறிக்கிறது. ‘மாறாமலே’ என்பதில்தான் சொல்லின் உயிர் இருக்கிறது. ‘மரபணு மாற்றம்’ அந்த உயிரையே எடுத்துவிடுகிறது.

நம் எழுத்தையே பாருங்கள். ‘க’வுக்கு மேல் ஒரு புள்ளி வைத்தால் ‘க்’. எழுத்து அதேதான், அகரம் மட்டும் அடங்கிவிடுகிறது. மெதைல் கூட்டம் என்ற சிறு இரசாயனத் துண்டு டி.என்.ஏ.யில் ஒட்டும்போதும் பெரும்பாலும் இதுவே நடக்கிறது: மரபணு இருக்கும், பேசாது.

அந்தப் புள்ளிகளை ஆக்கத் தேவையானவற்றில் ஒரு பங்கு சாப்பாட்டிலிருந்து வருகிறது: போலேற்று, வைற்றமின் பி12, கோலின். 1944-45 குளிர்காலத்தில் ஜேர்மனியர் உணவு வரத்தை மறித்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அந்தப் பஞ்சத்தில் கருவானவர்களை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து அவர்களுடைய உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டார்கள். வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐ.ஜி.எவ்.2 என்ற மரபணுவில் அவர்களுக்கு மெதைல் குறிகள் குறைவாக இருந்தன. 2008இல் வந்த முடிவு இது. கருவில் அந்தப் பஞ்சத்தைக் கண்டவர்களிடம் பிற்காலத்தில் நீரிழிவுப் பாதிப்புக் கூடுதலாக இருந்ததை வேறு ஆய்வுகள் காட்டின. ஆனால் இவர்களில் எவருடைய மரபணுவின் எழுத்தையும் பஞ்சம் மாற்றியதாக அந்த 2008 ஆய்வு சொல்லவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம் பாடநூல்களில் ஜெனெடிக்ஸுக்குப் ‘பிறப்புரிமையியல்’ என்று பெயர். அதை வைத்து ‘மேற்பிறப்புரிமையியல்’ என்று கட்டுகிறார் என் நண்பர் ஒருவர். வாய் நோகிறது என்பது ஒரு பக்கம். பிறப்போடு வந்த உரிமைக்கு அப்பால் நடப்பதைப் பேசும் துறைக்குப் பிறப்புரிமை என்ற சொல்லையே அடியாக வைக்கலாமா? அடுத்தது ‘புறமரபியல்’. இதற்கு ஆதரவு அதிகம், என் சண்டையும் இதோடுதான். புறம் என்றதும் நமக்கு அகம் நினைவுக்கு வருகிறது. வாசகர் சுற்றுச்சூழலைப் பற்றிய பேச்சு என்றே எடுத்துக்கொள்வார். ஆனால் இந்தக் குறிகள் வெளியே எங்கும் இல்லை. கலத்தின் கருவுக்குள், டி.என்.ஏ.யிலும் அது சுற்றியிருக்கும் புரதங்களிலும் இருக்கின்றன. மேற்றோல், மேலணி, மேலொட்டி என்று ‘எபி’க்கு ‘மேல்’ போட்டுப் பழகியவர்கள் நாங்கள். அந்த வழியில் மேல்மரபியல் என்பதே பொருந்தும், குறிகளுக்கு மேற்குறி. மேன்முறையீடு போல ‘மேன்மரபியல்’ என்று புணர்த்தச் சொல்கிறார்கள். இலக்கணம் சரிதான், ஆனால் மேன்மக்கள் நினைவுக்கு வந்து உயர்குலம் பற்றிய படிப்பு என்றாகிவிடும். இங்கே நான் தெளிவின் பக்கம்.

‘மரபணு மாற்றம்’ ஏற்கெனவே ஆய்வுகூடத்தில் மரபணுவை மாற்றி உருவாக்கும் சோளத்துக்கும் சோயாவுக்கும் போய்விட்ட சொல். அதைக் கர்ப்பிணிகளிடம் கொண்டுபோனால் என்ன ஆகும்? வெள்ளவத்தையில் இருக்கும் சித்தியின் மகள் கிளினிக்கில் கிடைத்த தாளோடு வந்து கேட்டாள்: “அக்கா, முதல் மூண்டு மாசமும் சத்தி, ஒண்டும் வயித்தில நிக்கேல்லை. பிள்ளையின்ர மரபணு பழுதாப் போயிருக்குமோ?” இரவெல்லாம் அழுதிருக்கிறாள். சாதாரணச் சத்தியை அந்தப் பஞ்சத்தோடு ஒப்பிடவே முடியாது என்று விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம் போனது.

இப்படியான தாள்கள் உருவாகும் விதம் இதுதான்: ஆங்கிலத் தாள் வரும், சிங்களம் முதலில் முடியும், தமிழ் அச்சுக்குப் போகும் அன்று பின்னேரம் ஒருவர் தலையில் விழும். அவர் அகராதியில் முதலில் கண்ட சொல்லைப் போடுகிறார். விடயம் தெரிந்த ஒருவர் வாசித்துப் பார்ப்பதில்லை. மருத்துவத் தமிழில் இந்த அலட்சியத்தைப் பொறுக்கவே கூடாது.

தாய்மாருக்கான தாளில் மேல்மரபியல் என்ற சொல்கூட வேண்டாம். போலிக் அமிலக் குளிசையும் திரிபோஷா என்ற சத்துமாவும் கொடுக்கும் இடத்தில் இப்படி எழுதினால் போதும்: “நீங்கள் சாப்பிடுவதால் பிள்ளையின் மரபணு மாறாது. அந்த மரபணுக்களில் சில எவ்வளவு வேலை செய்யும் என்பதில் உங்கள் சாப்பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.”