மவுஸ் பிடித்த கை ஏன் வலிக்கிறது?

வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே இடது கையால் இலேசாகப் பிடித்துக்கொண்டு, தட்டச்சு செய்வதுபோல் வலது விரல்களை அசைத்துப் பாருங்கள். பிடித்த இடத்தில் தோலுக்கடியில் ஏதோ நெளியும். விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில்தான் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து போய் விரல்களை இழுக்கின்றன.

மணிக்கட்டிலோ இடம் குறைவு. ஒருபுறம் சிறு எலும்புகள், மறுபுறம் தடித்த நார்ப்பட்டை. இடையிலுள்ள இடுக்கில் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. மணிக்கட்டை மேலேயோ கீழேயோ மடக்கி வைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும், சுண்டுவிரல் தப்பிவிடும்.

ஆனால் அலுவலக வலி எல்லாவற்றையும் இந்த நரம்பின் தலையில் கட்ட முடியாது. கழுத்தும் தோளும் முன்கையும் வலிக்கிறவர்கள் ஏராளம். ஒரு விசையைத் தட்ட அப்படி என்ன பலம் வேண்டும்? சிக்கலே அங்குதான். இலேசான வேலைக்குத் தசையின் சிறிய இழைத் தொகுதிகள் முதலில் வரும். பலம் கூடுதலாகத் தேவைப்பட்டால்தான் பெரியவை சேரும். வேலை குறைந்தால் பெரியவை முதலில் ஓய்ந்துவிடும். மணிக்கணக்கில் மவுஸைப் பிடித்திருப்பவருக்கு அதே சிறிய இழைகள் ஓய்வே இல்லாமல் உழைக்கின்றன என்பது 1991இல் ஸ்வீடனில் முன்வைக்கப்பட்ட கருதுகோள்.

நோய் புதிதல்ல. இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1713இலேயே எழுத்தர்களின் உபாதைக்கு மூன்று காரணங்கள் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே மாதிரி அசைவது, மனம் இறுகிக் கிடப்பது. மூன்றும் இன்றும் பொருந்தும்.

ஆகவே விலையுயர்ந்த நாற்காலியைவிட அடிக்கடி எழுந்திருப்பதையே நான் நம்புவேன். தரவு உள்ளீட்டுப் பணியாளர்களுக்குக் கூடுதலாகச் சில 5 நிமிட இடைவேளைகள் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், வலி குறைந்தது, வேலையின் அளவு குறையவில்லை.

அப்புறம், கீபோர்டின் பின்பக்கம் இரண்டு சின்னக் கால்கள் இருக்கும், அவற்றை மடக்கிவிடுங்கள். நிமிர்த்தி வைத்தால் மணிக்கட்டு பின்னால் வளையும். எண் விசைகளுக்கு அப்பால் மவுஸ் இருந்தால் கை வெளிப்புறமாக நீண்டு, தோள் அதைத் தாங்கிக்கொண்டே இருக்கும். எண் விசைகள் இல்லாத கீபோர்டு வாங்கினால் மவுஸ் பக்கத்தில் வந்துவிடும். மடிக்கணினியில் திரையும் விசைகளும் ஒட்டியே இருப்பதால் கழுத்து, கை இரண்டில் ஒன்று கஷ்டப்படத்தான் செய்யும். அதை உயர்த்தி வைத்து, தனிக் கீபோர்டு போடுவதே வழி.

இரவில் கை மரத்து விழிப்பு வருகிறதா, உதறினால் சரியாகிறதா? மருத்துவரைப் பாருங்கள். கட்டைவிரலின் அடிமேடு மெலியத் தொடங்கிவிட்டால் இழந்த தசை முழுதாகத் திரும்புவது கடினம்.