ரோந்து வண்டியைப் பார்த்ததும் கால் எங்கே போகிறது?

டிரைவிங் ஸ்கூலில் 18 ஆண்டுகளாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருகிறேன். லைசென்ஸ் வாங்கிவிட்டு நெடுஞ்சாலைப் பழக்கத்துக்காக வருபவர்களை ஜிஎஸ்டி சாலையில் கூட்டிப்போவேன். ஓரமாக ரோந்து வண்டி நிற்பது தெரிந்தால் அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன், காலைத்தான் பார்ப்பேன். ஆக்ஸிலரேட்டரை விட்டுத் துள்ளி பிரேக்கில் போய் விழுந்திருக்கும்.

ஒரு முறை மதுராந்தகம் தாண்டி ஓர் அம்மா அப்படித்தான் அழுத்தினார். போனது 80-இல்தான். ஆர்சி, இன்ஷூரன்ஸ், பெல்ட் எதிலும் குறையில்லை. பின்னால் ஓர் ஆம்னி பஸ். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். அந்த பஸ் டிரைவர் சுதாரித்ததால் பிழைத்தோம். ரோந்து வண்டியில் ஆளே இல்லை, எல்லோரும் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பெல்ட் கொக்கியைத் தேடுபவர்களும் இப்படித்தான். ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குப் பயந்து கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கிறார்கள். பைக்காரர்கள் இன்னும் மோசம்: செக்கிங் என்று தெரிந்ததும் திரும்பி எதிர்த்திசையிலேயே வருவார்கள்.

ரோந்து வண்டி தெரிந்தால் முதலில் ஸ்பீடாமீட்டரைப் பாருங்கள். வேகம் சரியாக இருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். கூடுதலா? ரியர்வியூ கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை மெல்ல விடுங்கள், அது போதும். ரோந்து வண்டி முன்னால் 60-இல் ஊர்ந்தால் முந்தவும் செய்யலாம். நான்கு வழிச் சாலையில் காருக்கு 2018-இல் மத்திய அரசு வைத்த உச்சவரம்பு 100. பலகையில் குறைவாக இருந்தால் பலகைதான் கணக்கு. ஆனாலும் அதன் பின்னால் கார்கள் ஊர்வலம் போவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

நிறுத்தச் சொன்னால் இடது இண்டிகேட்டர் போட்டு ஓரம்கட்டி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்குங்கள். இரவென்றால் உள் விளக்கையும் போடுங்கள். பேப்பரைத் தூக்கிக்கொண்டு சாலைப் பக்கம் இறங்கி ஓட வேண்டாம். டிஜிலாக்கரில் இருப்பதைக் காட்டினாலே செல்லும்.

இதை வகுப்பில் ஒத்திகையும் பார்க்கிறோம். நான்தான் போலீஸ். போன வாரம் ஒரு பையன், நான் வாய் திறப்பதற்குள்ளேயே "சாரி சார், இனிமே பண்ண மாட்டேன்" என்றான். என்ன பண்ணினாய் என்றேன். தெரியவில்லையாம்.