தரவுத்தள நிர்வாகி: சொல்லும் வேலையும்

அலுவலகத்தில் யாரும் ‘தரவுத்தள நிர்வாகி’ என்று கூப்பிடுவதில்லை. ‘டிபிஏவைக் கேளுங்க’ என்பார்கள். டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்பதன் சுருக்கம் அது. தரவுகளைக் கணினியில் ஒழுங்காகச் சேமித்துவைக்கும் இடம் தரவுத்தளம். அதைப் பார்த்துக்கொள்பவர்தான் அவர்.

டேட்டா லத்தீன் சொல். ‘தரப்பட்டவை’ என்று பொருள். நம்முடைய தரவும் ‘தா’ என்ற வினையிலிருந்து வந்ததுதான். கணினிக்காகப் புதிதாக உருவாக்கிய சொல்லும் அல்ல. கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் தொல்காப்பியத்திலேயே அந்தப் பெயர் இருக்கிறது. சிலர் ‘தகவல் தளம்’ என்று எழுதுகிறார்கள். பொருந்தாது. 38.5 என்பது வெறும் தரவு. அது காய்ச்சலில் கிடக்கும் ஒருவரின் உடல் வெப்பம் என்று தெரிந்தால்தான் தகவல்.

டேட்டாபேஸ் என்ற சொல் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவக் கணினித் திட்டங்களை ஒட்டிப் புழக்கத்துக்கு வந்தது. 1963-ல் சிஸ்டம் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் நடத்திய கருத்தரங்கின் தலைப்பில் இரு சொல்லாகப் பிரிந்து நின்றது. கடற்படைத் தளம், விமானத் தளம் என்று ஏற்கெனவே சொல்லிவந்த நமக்குத் ‘தளம்’ இயல்பாகவே ஒட்டிக்கொண்டது.

அட்மினிஸ்ட்ரேட்டருக்கு மேலாளர் என்றும் சொல்லலாமே? வேண்டாம். ‘தரவுத்தள மேலாண்மை அமைப்பு’ என்று மென்பொருளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. ஆளுக்கு நிர்வாகி என்றே இருந்தால் குழப்பம் வராது.

சரி, அவருக்கு என்ன வேலை? எந்தப் பயனருக்கு எந்த அட்டவணையைத் திறந்துவிடுவது, தரவைக் கேட்டெடுக்கும் வினவல் மெதுவாக ஓடினால் எங்கே இன்டெக்ஸ் (புத்தகத்தின் சொல்லடைவு போலத் தேடலை விரைவாக்குவது) போடுவது என்று பட்டியல் நீளும். ஆனால் அவர் சம்பளம் வாங்குவது பேக்அப் என்னும் காப்பு நகலுக்காக, இன்னும் சரியாகச் சொன்னால் அதிலிருந்து மீட்பதற்காக. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனத்தில் நகல் சர்வரில் அழிக்க வேண்டிய கோப்புறையை ஒரு பொறியாளர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். பேக்அப்பைத் தேடினால், சேமிப்பிடம் காலி. சர்வரில் ஓடியது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 9.6 பதிப்பு, பேக்அப் கருவியோ 9.2 பதிப்பு. அதனால் பேக்அப்பே எடுபடவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஒருவர் சுமார் 6 மணி நேரம் முன்பு கைப்பட எடுத்துவைத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்துத் தரவின் நகல்) காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்துத் தரவு போனது போனதுதான்.

தரவுத்தள மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதையே முதலில் கேட்க வேண்டும்: நள்ளிரவில் விழுந்தால் இதைத் தூக்கி நிறுத்த நம்மிடம் ஆள் உண்டா? ஆரக்கிள் கைதேர்ந்தது, ஆனால் உரிமக் கட்டணம் கையைக் கடிக்கும். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-ல் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்த போஸ்ட்கிரெஸ் இலவசம். புதிதாகத் தொடங்குபவருக்கு என் வாக்கு அதற்கே. மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டும் மோசமில்லை. இரண்டையும் தொடங்கிய மான்டி விடேனியஸுக்கு மை, மரியா என்று மகள்கள். அந்தப் பெயர்களைத்தான் வைத்தார். அப்புறம் எஸ்கியூலைட். தனி சர்வர் கிடையாது, எல்லாம் ஒரே கோப்பு. நம் செல்போனுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கிறது, எந்த டிபிஏவும் இல்லாமல்.